ஜோத்பூரிலிருந்து ஜெய்சால்மருக்கு மூன்று வழிகள்: எதில் போவது, எங்கே நிறுத்துவது, என்ன சாப்பிடுவது

ஜோத்பூரில் இறங்கி ஜெய்சால்மர் போகிறவர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, எது குறைந்த நேரம் காட்டுகிறதோ அந்தச் சாலையில் போய்விடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். பாலேசர், தேச்சு, பொக்ரான் வழியாகச் சுமார் 280 கி.மீ., நல்ல சாலை, ஐந்து மணி நேரத்தில் ஜெய்சால்மர் கோட்டை கண்ணில் பட்டுவிட்டது. ராத்திரி அறையில் உட்கார்ந்து யோசித்தால், வழியில் பார்த்தது என்று சொல்ல எதுவுமே நினைவுக்கு வரவில்லை. சாப்பிட்டது ஒரு பெரிய நெடுஞ்சாலை உணவகத்தில் பன்னீர் பட்டர் மசாலாவும் நான் ரொட்டியும். தார் பாலைவனத்துக்குள் முழுசாக ஒரு பகல் போய்விட்டு, அந்த மண்ணில் விளைந்ததை ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லையே என்பது பல நாள் உறுத்தியது.

அதற்கப்புறம் இரண்டு முறை போனேன். ஒரு முறை வடக்கே சுற்றி, ஒரு முறை தெற்கே சுற்றி. இப்போது யாராவது கேட்டால் என் பதில் இதுதான்: நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போகிறீர்கள், வழியில் ஒரு ராத்திரி தங்க முடியும் என்றால் வடக்கு வழி. இரண்டு ராத்திரி இருக்கிறது, கோவில் சிற்பத்திலும் கிராமத்துச் சாப்பாட்டிலும் ஆசை உண்டு என்றால் தெற்கு வழி. நேர்வழியைத் திரும்பி வருவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் வடக்கு வழி

ஜோத்பூர், மத்தானியா, ஓசியான், பலோடி, ராம்தேவ்ரா, பொக்ரான், ஜெய்சால்மர். மொத்தம் 310 கி.மீ.க்குக் கொஞ்சம் மேலே வரும். நேர்வழியைவிட 30 கி.மீ.தான் கூட. அந்த 30 கி.மீ.க்குக் கிடைப்பது ஏராளம்.

இந்த வழியில் போவதற்கு முதல் காரணம் கீச்சன் என்ற சின்ன கிராமம். பலோடியிலிருந்து 5 கி.மீ.கூட இல்லை. மங்கோலியா பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வருகிற ஒரு வகைக் கொக்குகள், டெமாய்செல் கொக்கு என்பார்கள், ஊர்க்காரர்கள் சொல்வது குர்ஜா, குளிர்காலம் முழுக்க இந்த ஊரில்தான் இருக்கின்றன. ஒன்றிரண்டு இல்லை, ஆயிரக்கணக்கில். ஊருக்குள் வேலி போட்ட ஒரு திடல் இருக்கிறது, பறவைகளுக்குத் தானியம் போடுவதற்கென்றே ஊர்க்காரர்கள் அமைத்தது. பல பத்தாண்டுகளாக, முக்கியமாக ஜைனக் குடும்பங்களின் கொடையில், தினமும் அங்கே தானியம் கொட்டுகிறார்கள். பொழுது விடிகிற நேரத்தில் வானத்தில் கோடு கோடாக வந்து, வட்டமடித்து, ஒரு பகுதி இறங்கி, அது பறந்ததும் அடுத்தது இறங்கி, அந்தச் சத்தம் காதை நிறைத்துவிடுகிறது. நம் வேடந்தாங்கலில் மரத்தில் கூடு கட்டுகிற பறவைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இத்தனை பெரிய பறவைகள் வீடுகளுக்கு நடுவே இறங்குவது வேறொரு அனுபவம். 2025ஆம் ஆண்டு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் கீச்சன் சேர்ந்தது. ஆனாலும் ஜெய்சால்மர் போகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இங்கே திரும்புவதாக எனக்குத் தெரியவில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு, முழுத் திட்டமும் அதைப் பொறுத்துத்தான் அமையும். பறவைகள் காலையில்தான் திடலுக்கு வரும். வெயில் ஏறியதும் பக்கத்துக் குளங்களுக்குப் போய்விடும். குளக்கரையிலும் பார்க்கலாம், ஆனால் அந்த இறங்குகிற காட்சி கிடைக்காது. ஜோத்பூரிலிருந்து பலோடி 140 கி.மீ. அதனால் காலையில் ஜோத்பூரில் ஆற அமரப் புறப்பட்டால் தவறவிட்டுவிடுவீர்கள். விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்பி ஓட்டலாம், ஆனால் இருட்டில் ஒட்டகமும் மாடும் சாலையில் நிற்கிற வழி அது, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சரியான முறை இது: ஜோத்பூரில் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், சாயங்காலம் ஓசியானில் இருங்கள், ராத்திரி பலோடியில் தங்குங்கள், மறுநாள் விடியலில் கீச்சன்.

ஜோத்பூரில் என்ன சாப்பிடுவது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெரிய பச்சை மிளகாயைக் கீறி உருளைக்கிழங்கு மசாலா அடைத்துக் கடலை மாவில் தோய்த்துப் பொரிக்கிற மிர்ச்சி வடை, பால்கோவா அடைத்துச் சர்க்கரைப் பாகில் முக்குகிற மாவா கச்சோரி. இரண்டையும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், அதற்கு மேல் அங்கே நிற்க வேண்டாம். மத்தானியா 30 கி.மீ. தாண்டியதும் வரும். ராஜஸ்தானின் சிவப்பு ஆட்டுக்கறிக் குழம்பான லால் மாஸுக்கு நிறத்தையும் மணத்தையும் கொடுக்கிறது இந்த ஊர்ப் பெயர் கொண்ட மிளகாய்தான். காரம் நாக்கை எரிக்காது, நிறம் மட்டும் ஆழமாக இருக்கும். வாங்கினால் காம்போடு முழு மிளகாயாக வாங்குங்கள், பொடி வேண்டாம், பொடியில் எது கலந்திருக்கிறது என்று தெரியாது. நான் கால் கிலோ வாங்கிவந்து வத்தக்குழம்பில் போட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

ஓசியான் ஜோத்பூரிலிருந்து 65 கி.மீ. 8ஆம் நூற்றாண்டில் தொடங்கிக் கட்டிய கோவில்கள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. குன்றின் மேலே சச்சியா மாதா கோவில், அங்கே கூட்டம் இருக்கும். கீழே மகாவீரர் கோவில், மேற்கு இந்தியாவில் இன்னும் நிற்கிற மிகப் பழைய ஜைனக் கோவில்களில் ஒன்று. இந்த இரண்டையும் பார்த்துவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். சாலையோரமாகவே, கிட்டத்தட்ட ஆளே இல்லாமல் நிற்கிற ஹரிஹரன் கோவில்களைப் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பாதி சிவன், பாதி விஷ்ணு என்று நம் சங்கரநாராயணரை அறிந்தவர்களுக்கு அந்தச் சிற்பத்தின் முன்னால் நிற்கும்போது ஒரு நெருக்கம் வரும். சாயங்கால வெயில் அந்தக் கல்லில் விழும்போது பாருங்கள். ஊரை ஒட்டியே மணல் மேடுகளும் உண்டு, ஜோத்பூரிலிருந்து போகும்போது முதலில் கண்ணில் படுகிற நல்ல மணல் மேடுகள் இவைதான்.

பலோடியைப் பற்றி ஒரு விஷயம். 2016 மே 19 அன்று இங்கே 51 டிகிரி செல்சியஸ் பதிவானது, இந்தியாவில் அதுவரை பதிவானதில் அதுதான் மிக அதிகம். கோடைக்காலத்தில் ஏன் இந்தப் பயணம் வேண்டாம் என்பதற்கு இதற்கு மேல் காரணம் தேவையில்லை. ஆனால் ஜனவரி ராத்திரியில் அதே ஊரில் கம்பளி இல்லாமல் தூங்க முடியாது. உப்பு வணிகத்தில் செழித்த ஊர், சிவப்புக் கல்லில் செதுக்கிய பழைய ஹவேலிகள், அதாவது வணிகர்களின் மாளிகைகள், தெருவுக்குத் தெரு நிற்கின்றன. விடுதிகள் எளிமையாக இருக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கீச்சன் முடிந்து பலோடியில் காலைச் சாப்பாடு, அப்புறம் 50 கி.மீ. போனால் ராம்தேவ்ரா. பாபா ராம்தேவின் சமாதிக் கோவில், யோகா சொல்லித்தரும் ராம்தேவ் இல்லை, பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்த மகான். இந்துக்கள் ராம்தேவ் என்றும் முஸ்லிம்கள் ராம்சா பீர் என்றும் வணங்குகிறார்கள். காணிக்கை என்ன தெரியுமா, துணியில் தைத்த குதிரை. கடைகளில் விரல் அளவிலிருந்து ஆள் உயரம் வரைக்கும் வண்ண வண்ணமாகத் தொங்குகிறது. அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கிற ஊரிலிருந்து போன எனக்கு அந்தக் கடைத்தெருவை விட்டு நகரவே மனம் வரவில்லை. ஆவணி, புரட்டாசி வாக்கில் திருவிழா வரும், அப்போது நடைபயணமாக வருகிற பக்தர்களால் சாலை நிறைந்திருக்கும், வண்டியில் போகிறவர்கள் அந்தச் சமயத்தைத் தவிர்ப்பது இரண்டு பேருக்கும் நல்லது. மற்ற மாதங்களில் கோவில் வாசல் கடைகளில் சுடச்சுடப் பூரியும் உருளைக்கிழங்கு சாறும் கிடைக்கும், கூட்டம் வந்துகொண்டே இருப்பதால் எண்ணெயில் போட்ட உடனே இலைத் தொன்னைக்கு வந்துவிடும்.

அங்கிருந்து 12 கி.மீ. பொக்ரான். பொக்ரான் என்றதும் 1974 மே 18, 1998 மே 11, அப்துல் கலாம் என்றுதான் நமக்கு நினைவு வரும். அணுகுண்டுச் சோதனை நடந்த இடத்துக்குப் பொதுமக்கள் போக முடியாது, அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஊருக்குள் செம்மணல் கல்லில் கட்டிய கோட்டை, அப்புறம் குயவர் தெரு. மெல்லிய சிவப்பு மண்பாண்டங்கள் இந்த ஊரின் பெருமை. சாப்பிட வேண்டியது சம்சம். பாலைத் திரித்துச் செய்து பாகில் ஊறவைக்கிற இனிப்பு, வங்காளத்துப் பெயர்தான், ஆனால் இந்தப் பாலைவனத்து மாடுகளின் பாலில் செய்தது. மற்ற ஊர் சம்சம் போல வாயில் பஞ்சாகக் கரையாது, கொஞ்சம் இறுக்கமாக, பால் வாசனையோடு இருக்கும். எனக்கு இதுதான் பிடித்தது.

பொக்ரானுக்கும் ஜெய்சால்மருக்கும் நடுவே 110 கி.மீ. எல்லோரும் வேகமாக ஓட்டுகிற பகுதி. லாட்டிக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் விலகினால் பாதரியா ராய் மாதா கோவில். கோவிலுக்கு அடியில், மண்ணுக்குள்ளே, ஒரு மாபெரும் நூலகம் இருக்கிறது. வெயில் நேரத்தில் படி இறங்கிப் போனால் குளுமை, நீளமான நடைக்கூடங்கள், இரண்டு பக்கமும் கண்ணாடி அலமாரிகளில் புத்தகங்கள். ஒரு சாமியார் சேர்க்கத் தொடங்கியது. பக்கத்தில் ஊரே இல்லாத வெளியில் இத்தனை புத்தகங்கள் எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். எனக்கு அந்தக் கேள்வியைவிட, அவற்றைத் தூசி படாமல் இத்தனை வருடம் பார்த்துக்கொள்கிறவர்கள் மேல் மரியாதைதான் வந்தது.

தெற்கு வழி

ஜோத்பூர், பச்பத்ரா, பாலோத்ரா, பார்மர், அகல், ஜெய்சால்மர். கிட்டத்தட்ட 360 கி.மீ., கிராடு கோவிலுக்குப் போய்த் திரும்பினால் இன்னும் 75 கி.மீ. கூடும். ஒரு நாளில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓட்டிமுடிக்கலாம், பார்த்துமுடிக்க முடியாது.

இது கண்ணுக்கு அழகான வழி இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜோத்பூரிலிருந்து பாலோத்ரா வரை லாரிகள், தொழிற்சாலைகள், பச்பத்ரா பக்கம் பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. அதே பச்பத்ராவில் பழைய உப்புக் குழிகளும் உண்டு. லூணி ஆறு பாலோத்ரா வரைக்கும் நல்ல தண்ணீராக வந்து, அதற்குக் கீழே உப்பாக மாறிவிடும் என்பார்கள், பெயரே உப்பு என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். பாலோத்ராவில் துணிக்குச் சாயம் ஏற்றும் தொழில். சைவச் சாப்பாடு வேண்டும், அதுவும் வெங்காயம் பூண்டு இல்லாமல் வேண்டும் என்கிறவர்களுக்குப் பக்கத்திலிருக்கிற நாகோடா ஜைனக் கோவிலின் போஜனசாலை நல்ல இடம். யாத்ரீகர்களுக்கான சாப்பாடு, சுத்தம், நேரத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வழியின் உண்மையான பலன் பார்மர் நெருங்கும்போது தொடங்குகிறது. சாலையோரத்தில் கயிற்றுக் கட்டில் போட்ட சின்னச் சின்ன தாபாக்கள், பெயர்ப்பலகைகூட ஒழுங்காக இருக்காது. உள்ளே போய், "பாஜ்ரா சோக்ரா இருக்கிறதா" என்று கேளுங்கள். சோக்ரா என்பது கையால் தட்டிய தடிமனான கம்பு ரொட்டி. நடுவில் குழி செய்து நெய் ஊற்றித் தருவார்கள், பக்கத்தில் வெல்லம், பூண்டுச் சட்னி, ஒரு சொம்பு மோர். கூடவே கேர் சாங்கரி. கேர் என்பது ஒரு முள்புதரின் காய். சாங்கரி என்ன என்று கேட்டபோது கடைக்காரர் வாசலில் நின்ற மரத்தைக் காட்டினார். வன்னி மரம்! விருத்தாசலம் கோவிலில் தலமரமாக நாம் சுற்றி வருகிற அதே வன்னி. அதன் காயைப் பறித்து, வேகவைத்துக் காயப்போட்டு, வருடம் முழுக்கக் கறி வைத்துச் சாப்பிடுகிறார்கள் என்பது அங்கே போகும்வரை எனக்குத் தெரியாது. மழை பொய்த்த வருடங்களில் மனிதர்களையும் ஆடுகளையும் காப்பாற்றியது இந்த மரம்தான். ஜோத்பூருக்குப் பக்கத்தில் கேஜர்லி என்ற ஊரில் 1730இல் வன்னி மரங்களை வெட்ட வந்தபோது, அம்ரிதா தேவி தொடங்கி 363 பிஷ்னோய் மக்கள் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உயிரை விட்டார்கள். தட்டில் சாங்கரி வந்தபோது அது நினைவுக்கு வந்து, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

இன்னொன்று, ராப். கம்பு மாவை மோரில் கரைத்துக் காய்ச்சுகிற கூழ். நம் கம்பங்கூழுக்கு உடன்பிறப்பு என்றே சொல்லலாம். வித்தியாசம் என்னவென்றால், நாம் சித்திரை வெயிலில் குளிர்ச்சிக்குக் குடிக்கிறோம், அவர்கள் குளிர்காலத்தில் சூடாகக் குடிக்கிறார்கள், கம்பு உடம்புக்குச் சூடு என்று. ராபடி என்று கேட்டால் சில கடைகளில் பாலைச் சுண்டக் காய்ச்சிய இனிப்பைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள், அதனால் பாஜ்ரா ராப் என்று தெளிவாகக் கேளுங்கள். பெரிய உணவகங்களில் இது கிடைப்பதில்லை. சாப்பாட்டுக்காகவே ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால், மூன்றில் இதுதான் முதல், சந்தேகமே இல்லை.

பார்மரில் ஒரு ராத்திரி தங்கி, காலையில் கிராடு போங்கள். முனாபாவ் சாலையில் 35, 40 கி.மீ. மேற்கே. 11, 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஐந்து கோவில்கள் மிச்சமிருக்கின்றன, அதில் சோமேசுவரர் கோவில் பெரியது. கோபுரம் பாதி உடைந்து, தூண்கள் வானத்தைத் தாங்குவது போல நிற்கின்றன. அடித்தளத்தில் யானை, குதிரை, போர்வீரர்கள் என்று வரிசை வரிசையாக, விரல் நகம் அளவு விவரம்கூட விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். பொழுது சாய்ந்த பிறகு அங்கே இருப்பவர்கள் கல்லாகிவிடுவார்கள் என்பது ஊர் நம்பிக்கை. அந்தக் கதையை மட்டும் கேட்டுவிட்டு வருகிறவர்கள் பேய் பங்களா பார்ப்பது போல ஒரு சுற்றுச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், அது எனக்கு வருத்தம். இத்தனை நுணுக்கமான வேலைக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் கொடுங்கள். எல்லைப் பகுதி என்பதால் ஆதார் போன்ற அடையாள அட்டை கையில் இருக்கட்டும். அங்கே கடை எதுவும் கிடையாது, தண்ணீரும் சாப்பாடும் பார்மரிலிருந்தே எடுத்துப் போங்கள். நான் எடுக்காமல் போய், திரும்பும் வழியில் ஒரு வீட்டு வாசலில் நிறுத்தித் தண்ணீர் கேட்டேன். தண்ணீருக்குப் பதில் ஒரு பெரிய குவளை மோரைக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

பார்மரிலிருந்து ஜெய்சால்மர் 155 கி.மீ. இந்தப் பகுதியில்தான் நிலம் விரிகிறது. குளிர்காலத்தில் சீரக வயல்கள் உண்டு, கண்ணாடியை இறக்கினால் வாசனை வரும். ஜெய்சால்மருக்கு 17 கி.மீ. முன்னால் அகல் கல்மரப் பூங்கா. 18 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே காடு இருந்தது, அந்த மரங்கள் கல்லாகி, வெட்டவெளியில் கிடக்கின்றன. விழுப்புரம் பக்கம் திருவக்கரை பார்த்தவர்களுக்கு இது என்னவென்று உடனே புரியும், ஆனால் அதைவிட மிக மிகப் பழையது. ஒரு புல்கூட இல்லாத மேட்டில், இரும்புக் கூண்டுக்குள் ஒரு பெரிய அடிமரம் படுத்திருப்பதைப் பார்க்கும்போது இந்த இடம் ஒரு காலத்தில் மழைக்காடு போல இருந்திருக்கிறது என்பதை மனசு ஒத்துக்கொள்ளவே மறுக்கிறது. அரை மணி நேரம் போதும். வடக்கு வழியில் வந்தவர்களும் ஜெய்சால்மரிலிருந்து ஒரு காலையில் போய்வரலாம்.

பிகானேரிலிருந்து வருவது

இது நான்காவது வாய்ப்பு, சுருக்கமாகச் சொல்கிறேன். ஊர் திரும்புவது ஜோத்பூரிலிருந்து என்றால், வந்து இறங்குவதைப் பிகானேரில் வைத்துக்கொள்ளலாம். தேசிய நெடுஞ்சாலை 11இல் கோலாயத் ஏரி, பாப் வழியாக வந்து பலோடியில் சேர்ந்துகொள்வீர்கள், மொத்தம் 330 கி.மீ. வழியில் பாப் பக்கத்தில் பாத்லா சூரிய மின் பூங்கா, 2,245 மெகாவாட், கண்ணுக்கு எட்டும் தூரம் வரை தகடுகள்தான். பிகானேரில் புஜியா வாங்காமல் யாரும் வர மாட்டார்கள். அதன் சுவைக்குக் காரணம் கடலை மாவோடு சேர்க்கிற மோட் பருப்பு, நம் கரிசல் காட்டில் விளைகிற நரிப்பயறேதான். மழை குறைந்த மண்ணில் வருகிற பயிர் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் ஓசியானை இந்த வழியில் இழந்துவிடுவீர்கள், அதனால் எனக்கு இது இரண்டாம் பட்சம்தான்.

ஜெய்சால்மர் போன பிறகு

இங்கேயும் ஒரு தேர்வு இருக்கிறது. மணல் மேடு பார்க்க சாம் போவதா, கூரி போவதா? சாம் 40 கி.மீ. மேற்கே. மேடுகள் பெரியவை, ஆனால் வரிசையாகக் கூடாரங்கள், ஜீப்புகள், ராத்திரி ஒலிபெருக்கி. வயதான அப்பா அம்மா, சின்னக் குழந்தைகள் கூட இருந்தால், நல்ல கழிப்பறையும் கட்டிலும் கிடைக்கிற சாம்தான் வசதி, அதில் தவறு ஒன்றுமில்லை. இரண்டு மூன்று பேராகப் போகிறீர்கள் என்றால் தென்மேற்கே இருக்கிற கூரிக்குப் போங்கள். மேடுகள் சின்னவைதான், ஆனால் மண் பூசிக் கோலம் போட்ட வீடுகள் உள்ள ஒரு கிராமம் அது, ராத்திரி அமைதி. நான் ஒரு முறை சாமில் முன்பணம் கட்டி ஒரு கூடாரத்தில் தங்கினேன். நாட்டுப்புறப் பாடகர்கள் என்று சொன்னார்கள். இருபது நிமிடம் பாடினார்கள், அப்புறம் நள்ளிரவு வரை சினிமாப் பாட்டுதான். பரம்பரை இசைக்காரர்களான மாங்கணியார் பாடகர்கள் காமாய்ச்சா என்ற வில் வாத்தியம் வாசிப்பதைக் கேட்க வேண்டும் என்றால், அதைத் தனியாகக் கேட்டு, எவ்வளவு நேரம் என்று பேசிவைத்துக்கொண்டு பதிவு செய்யுங்கள்.

குல்தாராவுக்கு எல்லோரும் போகிறார்கள், பாலிவால் பிராமணர்கள் விட்டுப்போன ஊர், பேய்க் கதைகள். அதற்குப் பதிலாக இன்னும் கொஞ்சம் தூரம் போய்க் காபா கோட்டையைப் பாருங்கள் என்பேன். அதே மக்கள் விட்டுப்போன இன்னொரு ஊர், மேலே கோட்டை, காலையில் மயில்கள், ஆள் நடமாட்டம் குறைவு. போகும் வழியில் கடீன் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். நீளமாக ஒரு மண்கரை, அதற்குப் பின்னால் மழைத்தண்ணீரைத் தேக்கி, அது மண்ணில் ஊறி வற்றிய பிறகு அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விதைக்கிற முறை. கண்மாய்க்குள்ளேயே பயிர் வைப்பது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 200 மி.மீ. மழைகூடச் சரியாக வராத இடத்தில் அந்த மக்கள் இதை வைத்துத்தான் செழித்திருந்தார்கள். பேய்க் கதையைவிட எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஒரு முழு நாள் மிச்சம் இருந்தால் ராம்கர் வழியாகத் தனோட், லோங்கேவாலா. தனோட் 120 கி.மீ. மூன்று பயணத்திலும் நான் பார்த்ததில் பாலைவனத்தின் அழகை முழுதாகக் காட்டிய சாலை இதுதான், மணல் மேடுகளுக்கு நடுவே ஏறி இறங்கிப் போகும். தனோட் மாதா கோவிலை எல்லைப் பாதுகாப்புப் படையினரே நடத்துகிறார்கள். 1965 போரில் கோவிலைச் சுற்றி விழுந்த குண்டுகள் வெடிக்கவில்லை என்பது நம்பிக்கை, வெடிக்காத குண்டுகள் சிலவற்றை உள்ளே வைத்திருக்கிறார்கள். லோங்கேவாலாவில் 1971 டிசம்பர் 4 ராத்திரி, மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் கீழ் 120 பேர் அளவிலான ஒரு படைப்பிரிவு, விடிந்து விமானப்படை வரும்வரை பாகிஸ்தான் டாங்குகளைத் தடுத்து நின்றது. அந்த டாங்குகளில் சில இன்னும் அங்கே நிற்கின்றன. ராம்கரில் டீசல் நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் கைப்பேசிக்குச் சிக்னலும் சரியாக இருக்காது. சாப்பாட்டையும் ராம்கரிலேயே முடித்துவிடுங்கள், பருப்பும் ரொட்டியும் சூடாகக் கிடைக்கும்.

ஜெய்சால்மர் ஊருக்குள் கோட்டை மேலே இருக்கிற மாடி உணவகங்களில் பாஸ்தா சாப்பிட வேண்டாம். காட்சிக்காகப் போய் ஒரு தேநீர் குடியுங்கள், சாப்பாட்டுக்குக் கீழே இறங்கிக் கடைத்தெருவுக்கு வாருங்கள். பூந்தியை இடித்துப் பால்கோவா சேர்த்துப் பிடிக்கிற கோட்டுவா லட்டு இந்த ஊருக்கே உரியது, கனமாக இருக்கும், ஒன்று போதும்.

திரும்பும்போது நேர்வழி. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் பத்து மணிக்குப் பொக்ரான், அங்கே மறுபடி சம்சம். போகும்போது பார்த்து வைத்த மண் கூஜாவை இப்போது வாங்குங்கள், முன்னாலேயே வாங்கினால் வண்டியில் உடைந்துவிடும். கடைக்காரரிடம் சொன்னால் வைக்கோல் வைத்துத் துணியில் கட்டித் தருவார், நான் மடியில் வைத்தே ஊருக்குக் கொண்டுவந்தேன், ஒரு கீறல்கூட இல்லை.